யாருக்கு என்று கேட்டவர்

எந்த வீட்டுக்குப் போனாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "யாருக்கு?" டிவி எங்கே இருக்கிறது, வைஃபை எந்தக் கம்பெனி, எத்தனை அறை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பதில் கிடைக்கும்வரை தோளில் தொங்கும் பையைக் கீழே இறக்க மாட்டார். "வீட்டுக்குத்தான்மா, எல்லாருக்கும்" என்று யாராவது சொன்னால் சிரிப்பார். "எல்லாருக்கும்னா சரி, ரிமோட்டு யார் கையில இருக்கும்?" என்று அடுத்த கேள்வியைப் போடுவார்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த நான்கைந்து தெருக்களிலும் டிவியை இணையத்தோடு இணைத்துக் கொடுப்பது, ஸ்பீக்கர் மாட்டுவது, படமும் பாட்டும் வரும் ஆப்களைப் பதிந்து தருவது ஆகிய வேலைகளை அவர்தான் செய்துவந்தார். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கலாம். திருமணத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைபேசி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பெண் என்று சொல்வார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் எங்களுக்குள் ஒரு நட்பு இருந்ததுபோலத் தோன்றிவிடும். இருந்தது நட்பல்ல.

அவருடைய பை ஒரு பழைய பள்ளிக்கூடப் பை. உள்ளே ஒயர்கள் தனித்தனியாகச் சுருட்டப்பட்டு, தறி வீடுகளில் வீணாகிக் கிடக்கும் பட்டு நூல் துண்டுகளால் கட்டப்பட்டிருக்கும். டிவிக்குப் போவது சிவப்பு, ஸ்பீக்கருக்குப் போவது பச்சை, மின்சாரத்துக்குப் போவது மஞ்சள். வேலை தொடங்கியதும் ரிமோட்டை உரியவர் கையில் கொடுத்துவிடுவார். பிறகு தரையில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வார். எங்கே அழுத்த வேண்டும் என்று வாயால் மட்டும் சொல்வார். எதிரில் இருப்பவர் தப்பும் தவறுமாகத் தேடிக்கொண்டிருக்கும்போது அவருடைய தோள்கள் தவிக்கும். கைகள் வெளியே வராது. ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "நானே அமுக்கிடலாம்னு கை துறுதுறுங்குது பாப்பா. அதான் அது மேலயே உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னை அவர் பாப்பா என்று அழைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவரை அக்கா என்றேன். அவர் என் அம்மாவை அக்கா என்றார். அந்த உறவுமுறையில் எனக்கான இடம் எது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவரைக் கண்டு நான் வியந்த காலமும் உண்டு. சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் புதிய டிவி ஒன்று அட்டைப்பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. பக்கத்தில் தன் பள்ளிக்கூடப் பையோடு அவரும் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது. அந்த மகனே வீடியோ அழைப்பில் வந்து, கைபேசித் திரையிலிருந்து ஆணையிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு நியூஸ், பெருமாள் பாட்டு, அவ்வளவுதான். மத்த ஆப் எல்லாம் எடுத்துடுங்கோ. அவருக்குக் குழப்பமா இருக்கும்."

அவர் கைபேசிக்குப் பதில் சொல்லவில்லை. ஆசிரியரைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு இன்னா வேணும்?" என்றார்.

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றது கைபேசி.

"ஐயாவே சொல்லட்டும் சார்."

ஆசிரியர் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் முழுவதும் அவரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஆசிரியர் சொன்னார்: "எனக்கு இது வேண்டாம்மா. இந்தச் சுவர் காலியா இருக்கறதுதான் நன்னா இருக்கு."

அவர் எழுந்து, டிவியைப் பழையபடி அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, மூடி ஒட்டினார். "சார், ஐயாவுக்கு வேணாமாம்" என்று கைபேசியிடம் அறிவித்தார். மகன் கோபமாகப் பேசத் தொடங்கியதும் கைபேசியை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருவில் நான் அவரோடு கொஞ்ச தூரம் நடந்தேன். வந்த வேலை நடக்காததில் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்ட திருப்தி மட்டும் முகத்தில் இருந்தது. இப்படி ஒரு மனிதரா என்று அன்று மலைத்துப்போனேன். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வரும்வரை எனக்கு அவர்மேல் எந்தக் குறையும் இல்லை.

அது வருவதற்குக் காரணமாக இருந்தவளும் நான்தான். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு சிறிய பெட்டி வாங்கினேன். டிவியின் பின்னால் செருகிவிட்டால் இணையத்திலிருந்து படங்களைக் கொண்டுவந்து காட்டும். அதோடு சேர்ந்த கணக்கு ஒன்றில் படம், பாட்டு, கதை மூன்றும் கிடைக்கும். கணக்கை என் மின்னஞ்சலிலும் என் கைபேசி எண்ணிலும் திறந்தேன். அம்மாவின் பெயரில் தனிப் பக்கம் ஒன்றை உருவாக்கினேன். அம்மா பார்க்க வேண்டியவை என்று நான் கருதிய படங்களை, மூன்று நாள் யோசித்து, வரிசைப்படுத்தி அதில் சேர்த்தேன். பரிசு பெற்றவை, மெதுவாக நகர்பவை, உரையாடல் குறைந்தவை. அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவற்றுள் ஒன்றைப் பார்த்தாள். "நல்லா இருக்குதுமா" என்றாள். அரைமணி நேரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாரம் முழுவதும் தறியில் உட்கார்ந்த களைப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தறி இருக்கும் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்பதற்காகத்தான் அப்பா அவரை அழைத்தார். அன்று ஞாயிறு. அப்பா தொழிற்சாலைக்குப் போகாத நாள். அவர் வந்தார், செருப்பைக் கழற்றினார், கேட்டார்.

"எங்க வூட்டம்மாவுக்குத்தான்" என்றார் அப்பா. "சாமி பாட்டு, சீரியலு, ரெண்டும் ஒழுங்கா வந்தா போதும்மா."

"அண்ணா, உங்களுக்கு வாங்கனா உங்கள கேக்கறேன்."

அப்பா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிவிட்டார். நான் முன்னால் வந்தேன். "அம்மாவுக்கு நல்ல படங்கள்னா பிடிக்கும்க்கா. நான் ஒரு லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன்."

"இரு பாப்பா" என்றார். அவ்வளவுதான். குரலில் கடுமை இல்லை. ஆனால் நான் பேசிய வாக்கியம் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

அம்மா வழக்கமான பதிலைச் சொன்னாள். "எனக்கு இன்னா தெரியும்மா? அவங்க எது போட்டாலும் பாப்பேன்."

அவர் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மின்விசிறி மட்டும் சுற்றியது. அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு, ஏதோ தவறை ஒப்புக்கொள்பவள்போல, தணிந்த குரலில் கேட்டாள்.

"பேய்ப் படம் இருக்குதா?"

அப்பா வெடித்துச் சிரித்தார். "பேயா? கரண்டு போனாலே என் சட்டய புடிச்சிக்கிற ஆளு, இவளுக்குப் பேயாம்!"

அவர் சிரிக்கவில்லை. ஆசிரியர் வீட்டில் பதிலுக்குக் காத்திருந்தபோது இருந்த அதே கவனத்தோடு கேட்டார்: "எந்த மாதிரிப் பேய்க்கா? சிரிப்புப் பேயா, பழி வாங்கற பேயா?"

"சிரிப்புப் பேய் வேணவே வேணாம்மா. அதுல இன்னா இருக்குது? நெஜமா பயமா இருக்கணும். கொலுசு சத்தம் வரும் பாரு, ஆனா ஆளு வராது. கதவு தானா சாத்திக்கும். அந்த மாதிரி." சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "சின்னதுல எங்க தெருவுல ஒரு வீட்ல படம் போடுவாங்க. ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு பாப்போம். அப்பறம் கல்யாணம், தறி, பொண்ணு... எங்க பாக்கறது?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பெண்ணோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள் நான். அம்மாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்தப் பக்கம் தலைவலிக்கும், எந்த உறவினர் வந்தால் முகம் சுருங்கும் என்பதையெல்லாம் சொல்லக்கூடியவள். வந்து கால்மணி நேரம்கூட ஆகாத ஒருவருக்கு அம்மா இதைச் சொன்னாள். அந்த நிமிடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று கசந்தது. அந்தக் கசப்புக்குப் பெயர் பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

அதன்பிறகு அவர் கேட்ட கேள்வி இன்னும் எளிமையானது. "அக்கா எங்க உக்காருவாங்க?" டிவியும் நான் வாங்கிய பெட்டியும் கூடத்தில் இருந்தன. அம்மாவோ காலை எட்டு மணிக்குத் தறிக்குழிக்குள் கால்களை இறக்கினால் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுவாள். அம்மா இல்லாத இடத்தில் அம்மாவுக்கு ஒரு பரிசை வைத்திருந்தேன் நான்.

அவர் தறியறைக்குப் போய், குழியின் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து அம்மா நெய்வதைப் பார்த்தார். "கண்ணும் கையும் தறிக்குப் பூடுது. காது சும்மாதான இருக்குது?" என்றார்.

"எங்க சும்மா இருக்குது? இந்தச் சத்தத்த கேட்டுக்கினு இருக்குது" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு அவர் செய்த ஏற்பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். முதலில், அம்மாவின் கைபேசியோடு இணைத்த சிறிய ஸ்பீக்கர் ஒன்றைத் தறிக் கட்டையின்மேல் வைத்தார். அம்மா நாலைந்து முறை இழைகளை நெருக்கும் பலகையை இழுத்து அடித்ததும் அது துள்ளித் துள்ளி நகர்ந்து குழிக்குள் விழுந்தது. பிறகு அதைப் பட்டு நூலில் கட்டி, கூரை மரத்திலிருந்து அம்மாவின் காதுயரத்துக்குத் தொங்கவிட்டார். நெய்யும்போது கையால் கைபேசியைத் தொட முடியாது. ஆகவே ஒற்றைப் பொத்தான் வைத்த விரலளவு ரிமோட் ஒன்றைக் குழியின் பக்கச் சுவரில், அம்மாவின் இடது கால் ஓயும் இடத்தில் ஒட்டினார். கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும். மறுபடி தட்டினால் ஓடும். படங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களுக்குக் கேட்கும் கதைகளைத் தேடிக் கொடுத்தார். எல்லாம் பேய்க் கதைகள். நல்ல குரல்காரர்கள் பாகம் பாகமாகச் சொல்பவை.

கதை. அதுதான் எனக்கு உறைத்தது. நான் இலக்கியம் படிக்கிறவள். நாள்தோறும் கதைகளோடு அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவள். அம்மாவின் காது சும்மா இருக்கிறதா என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டார். மாலை கல்லூரியிலிருந்து திரும்பும்போது தறியறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்கும். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அன்று கேட்ட கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். "அந்தப் பொண்ணு கெணத்துல எட்டிப் பாக்கறாம்மா, பாத்தா அங்க இவ மூஞ்சி இல்ல!" நான் உள்ளே நுழைந்ததும் குரல் மாறும். "சரி, பாப்பா வந்துடுச்சு, வெக்கறேன்." என்னிடம், "கை கால் கழுவிக்கினு வாம்மா, தோச ஊத்தறேன்" என்பாள். எனக்குத் தோசை கிடைத்தது. கதை அவருக்குப் போனது.

அம்மா என்னென்ன கேட்கிறாள் என்பது என் கைபேசியிலும் தெரியும். கணக்கு என்னுடையது அல்லவா? வகுப்பு இடைவேளைகளில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். எந்தப் பாகத்தை இரண்டு முறை கேட்டாள், எதைப் பாதியில் நிறுத்தினாள் என்பதையெல்லாம். ஒரு சொல்லையும் அம்மாவிடம் கேட்காமல் அம்மாவை வாசித்துவிட முயன்றேன்.

அவர் என்னையும் ஒருமுறை கேட்டார். வைஃபையைச் சரிபார்க்க வந்த ஒரு நாள், அம்மா கடைக்குப் போயிருந்தாள். "எல்லாருக்கும் பண்ணியாச்சு. பாப்பா, உனக்கு இன்னா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா."

அவர் உட்கார்ந்தார். காத்திருந்தார். அந்த மௌனத்தில்தான் மற்றவர்கள் உடைந்துபோவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் புத்தகத்தை விரித்து, வாசிக்காத பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவரிடமிருந்துதான் அதைப் பிடுங்க வேண்டும் என்பதால் வாய் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவர், "சரி, தோணும்போது சொல்லு" என்று எழுந்து போனார். என் அறிவுக்கு எட்டியவரை அவரை வென்றவள் நான் ஒருத்திதான்.

அந்த ஆண்டு தை மாதத்தில் அம்மா தறியில் நீளவாட்டு இழைகளான பாவு தீர்ந்தது. புதுப் பாவு வந்தால், பழைய பாவின் முனையில் எஞ்சிய இழைகளோடு புதியதன் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகள். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் தறி ஓடாது. வீட்டில் சத்தமே இருக்காது.

இந்த நாட்களுக்காக அம்மா ஒரு கதையைச் சேமித்து வைத்திருந்தாள். பேய் தன் கதையைத் தானே சொல்லும் கடைசிப் பாகங்கள் முழுவதும் கிசுகிசுப்பான குரலில் வருபவை. தறி ஓடும்போது அவை காதில் விழாது. ஆகவே பல வாரங்களாகத் தொடர்ந்து கேட்டுவந்த அந்தக் கதையை, முடிவுக்கு ஆறு பாகம் இருக்கும்போது நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இந்த யோசனையை அம்மாவுக்குச் சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "பாவு பிணைக்கற அன்னிக்குக் கேளுங்கக்கா, ஊசி விழுந்தா கேக்கும்" என்று அவர் சொன்னதை அம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

பிணைப்பு தொடங்கிய முதல் நாள் காலை, கல்லூரிப் பேருந்தில் உட்கார்ந்தபடி நான் என் கைபேசியில் கணக்கைத் திறந்தேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வரியை அழுத்தினேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். இரண்டு நிமிட வேலை. மாலையில் வீட்டுக்குப் போவேன், அம்மா "இது இன்னான்னு பாரும்மா" என்று என்னைக் கூப்பிடுவாள், நான் சரிசெய்வேன், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆறு பாகங்களையும் சேர்ந்து கேட்பேன். இதுதான் என் திட்டம். என் வாழ்க்கையில் நான் வேண்டுமென்றே செய்த கெடுதல் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதைத் துல்லியமாகச் செய்திருந்தேன்.

மாலையில் அம்மா தறியறையில் ஓசையில்லாமல் இழை பிணைத்துக்கொண்டிருந்தாள். கதை கேட்கவில்லையா என்றேன்.

"கெட்டுப்போச்சு போலம்மா. சாம்பல் கையோட தொட்டுட்டேனோ என்னவோ. அந்தப் பொண்ணு வந்து பாக்கட்டும்."

"நான் பாக்கட்டுமா?"

"வேணாம், நீ படி. உனக்குப் பரீட்ச வருதில்ல."

அது அன்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் கேட்டது அதுவல்ல. அவரோ திருமுக்கூடலில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். திரும்ப இரண்டு நாளாகும். அம்மா அந்த இரண்டு நாளும், சத்தமில்லாத அறையில், தலை நிமிராமல், சாம்பல் தொட்டுத் தொட்டுப் பிணைத்தாள். தலைக்கு மேலே ஸ்பீக்கர் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் நான் மறுபடி கேட்கவில்லை. அம்மாவே கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், நான் கல்லூரி நூலகத்தின் வராந்தாவில் இருந்தபோது அவர் அழைத்தார்.

"பாப்பா, உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லேன்."

திரையில் ஆறு எண்கள் இருந்தன. "எதுவும் வரலக்கா" என்றேன்.

"சரி, திருப்பி அனுப்பறேன்."

வந்தது. "இன்னும் வரலக்கா. இங்க சிக்னல் இல்ல."

சிக்னல் இல்லாத இடத்தில் நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் காலடிச் சத்தம், கதவு சாத்தும் சத்தம். அம்மாவின் காதுக்கு எட்டாத இடத்துக்கு அவர் வந்துவிட்டார் என்று புரிந்தது.

"பாப்பா, எல்லாத்துலேர்ந்தும் வெளியில எடுத்துட்டு, பாஸ்வேர்டும் மாத்திக்கிது. தானா நடக்காது அது. உன் போன்லேர்ந்துதான் நடந்திருக்கணும். ஏன்னு நான் கேக்கல." அவர் கேள்வி கேட்காமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். "அக்கா இன்னும் கொஞ்சம் இழைதான் பிணைக்கணும். சாயங்காலம் முடிச்சிடுவாங்க. நாளைக்குத் தறி ஓடும். இப்ப விட்டா அடுத்த பாவுக்குத்தான். கடைசியா ஒருவாட்டி அனுப்பறேன். சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

மூன்றாவது எண் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஆறு எண்கள் என்னிடம் இருக்கும்வரை அம்மாவுக்கு நான் தேவை என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை எனக்கே பிடிக்கவில்லை. சொல்லிவிட்டேன், ஒவ்வொரு எண்ணாக.

"வந்துடுச்சு" என்றார் அவர். அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார் போலும். கதவு திறக்கும் சத்தமும், பிறகு அவர் அம்மாவிடம் உரக்கச் சொல்வதும் கேட்டன: "கம்பெனிக்காரன் பண்ண வேலக்கா. சாம்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மேல தப்பே இல்ல." அம்மா, "அப்பாடா" என்றாள்.

அன்று மாலை நான் போனபோது, கணக்கில் இருந்த என் எண் நீக்கப்பட்டு அம்மாவின் எண் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் அதை எனக்குத் தெரியாமல் செய்யவில்லை, "மாத்தியிருக்கேன், சரிதான?" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சரி என்று பதில் எழுதினேன். அம்மா அந்த ஆறில் ஐந்தாம் பாகத்தில் இருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது, பேசாதே என்று சாம்பல் விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினாள்.

மறு ஆண்டு அவருடைய கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அம்மாவின் பேச்சில் அவர் முன்னைவிட அதிகமாக வரத் தொடங்கினார். எதிர்வீட்டில் டிவி நின்றுபோனால் அவர் பேச்சு. மழையில் வைஃபை போனால் அவர் பேச்சு. சென்ற மாதம் பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒருவாட்டி கம்பெனிக்காரனே எல்லாத்தயும் தொலச்சிட்டான். அது வந்துது பாரு, ஒரே நிமிஷம். எங்க தப்பு இருக்குதுன்னு அதுக்கு மட்டும்தான் தெரியும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. நான் செய்த குற்றம்கூட அவருடைய புகழில் ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டது. அத்தை போனதும் தறியறைக்குள் போய்ச் சொன்னேன்.

"அம்மா, அன்னிக்குக் கம்பெனிக்காரன் ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன். பஸ்ல உக்காந்துக்கினு நான்தான் எல்லாத்தயும் மூடினேன். அக்காவுக்குத் தெரியும்."

அம்மா தறியை நிறுத்தினாள். "மூணு நாளும்மா" என்றாள். "மூணு நாளு சத்தமில்லாம உக்காந்திருந்தேன். என் கையாலதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." அவள் கண்கள் சிவந்தன. "ஏன்டி?"

"நீ எல்லாத்தயும் அவங்ககிட்டயே சொல்ற" என்றேன்.

அம்மா மறுபடி தறியை ஓட்டினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் தோசை மட்டும் விழுந்தது. மூன்றாம் நாள் மாலை, அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தபோது, தறியறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஓசூருக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாமே! தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லாம வெச்சிக்கினு இருந்தியா? இரு, மொதல்லேர்ந்து சொல்றேன். அன்னிக்கு எங்க வீட்ல ஒரு சத்தமும் இல்ல. பாவு பிணைக்கறேன். நான் ஒருத்திதான் இருக்கேன்..."

தேநீரோடு நான் வாசலில் நின்றேன். அம்மா அவசரப்படவில்லை. குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மறுமுனையில் மூச்சுப் பிடிக்க விட்டாள். சாம்பல் விரல்களைச் சொன்னாள், தலைக்கு மேலே பேசாமல் தொங்கிய ஸ்பீக்கரைச் சொன்னாள். அதே நேரத்தில் எங்கோ ஓடுகிற பேருந்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் யார் என்பதை மட்டும் வெகுநேரம் சொல்லாமல் வைத்திருந்தாள். அம்மா ஒரு கதையை முதலிலிருந்து சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. அதில் நான் இருந்தேன். அது வேறு ஒருவருக்குச் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது.

நடுவில் மறுமுனையிலிருந்து ஏதோ கேள்வி வந்தது. அம்மா கைபேசியைச் சற்று விலக்கி, நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"அன்னிக்கு நீ எந்த பஸ்ல போன? அது கேக்குது."

"ஏழே முக்கால் பஸ்" என்றேன்.

அம்மா தலையசைத்தாள். கைபேசியை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் விடியலயாம்மா. தெருவுல லைட்டுகூட இல்ல. அந்த இருட்டுல தனியா நடந்து போயி பஸ்ல ஏறியிருக்குது..."

நான் திருத்தவில்லை. தேநீரைத் தறிக்குழியின் ஓரத்தில் வைத்துவிட்டு, மீதியைக் கேட்க அங்கேயே உட்கார்ந்தேன்.